நாற்பதாவது ஆள்

தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்றதும் உங்கள் ஏட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. பதினோரு வருடமாக அதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்ததில் இனிப்பின் மேல் ஆசை விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவன். எந்த நிதியம் எந்த மாதம் கதவைத் திறக்கும், எத்தனை பக்கம் கேட்கும், எந்தச் சொல்லுக்கு மலரும், எந்தச் சொல்லுக்கு முகம் சுளிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பெரிய டாக்டர் ஆராய்ச்சி செய்வார்; அவருக்காக நான் கையேந்துவேன். தெருவில் ஏந்தினால் பிச்சை. இருபது பக்கத்தில் அடிக்குறிப்போடு ஏந்தினால் அதற்கு ஆய்வு முன்மொழிவு என்று பெயர்.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய மாத்திரை. வேறு ஏதோ நோய்க்காக எப்போதோ கண்டுபிடித்தது. கல்லீரல் தேவையில்லாமல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுவதை அது மட்டுப்படுத்துகிறது என்று பெரிய டாக்டர் கண்டிருந்தார். சரியாக வந்தால் இன்சுலின் ஊசியைப் பாதியாகக் குறைக்கலாம். விலையோ ஒரு பஸ் டிக்கெட்டை விடக் குறைவு. அதுதான் அது செய்த பாவம். லாபம் தராத மருந்தை எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்க்காது.

ஏழு விண்ணப்பம் அனுப்பினோம். ஏழும் திரும்பி வந்தன. ஒரு மதிப்பீட்டாளர் 'புதுமை போதவில்லை' என்று எழுதினார். இன்னொருவர் 'அளவுக்கு மீறிப் புதுமையாக இருக்கிறது' என்றார். இருவர் கையிலும் இருந்தது ஒரே விண்ணப்பம். மூன்றாமவர் படிக்கவே இல்லை. எங்கள் ஆய்வு எலிகளைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டு, எலிகளை இரக்கத்தோடு நடத்தவேண்டும் என்று அறிவுரை சொல்லியிருந்தார். கடைசி வரி மட்டும் எல்லோரும் கூடிப் பேசி வைத்தது போல் ஒன்றாக இருக்கும்: முன்னோட்ட ஆய்வின் முடிவுகள் இருந்தால் பரிசீலிக்கலாம். முன்னோட்ட ஆய்வுக்கு நிதி கேட்டால், அதற்கெல்லாம் நிதி கிடையாது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். இதைச் சொல்ல அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒன்பது மாதம் ஆகும். ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளை பிறந்துவிடும். ஒரு கால் போய்விடும்.

கால் என்று சும்மா சொல்லவில்லை. மூன்றாவது விண்ணப்பம் போயிருந்தபோது என் தங்கையின் கட்டைவிரலை எடுத்தார்கள். ஐந்தாவதின்போது பாதத்தை. ஏழாவது எழுதும்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தக் காலைப் படம் பிடித்து விண்ணப்பத்தில் சேர்த்தேன். அவள் அதைக் கணினித் திரையில் பார்த்துவிட்டாள்.

"என் காலைக் காட்டித்தான் அவங்ககிட்ட கேக்கணுமாண்ணா?"

"முகம் வராதும்மா."

"முகத்தக் காட்டியிருந்தாலாவது ஒரு மனுஷின்னு தெரிஞ்சிருக்கும்."

அதற்கும் மறுப்பு வந்தது. படத்தின் தரம் போதவில்லையாம். அன்றுதான் எனக்குள் என்னவோ ஆறிப்போனது. கோபம் என்றால் கொதிக்கும் என்பார்கள். என்னுடையது உறைந்துவிட்டது. அதன் மேல் நடந்து போகலாம், அவ்வளவு கெட்டி.

பெரிய டாக்டர் சல்லிக்காசு இல்லாமலே முன்னோட்ட ஆய்வைத் தொடங்கினார். மருத்துவமனை ஓர் அறையையும் ஒரு சிஸ்டரையும் கொடுத்தது. வேறு ஆள் இல்லாததால் நோயாளிகளைப் பதிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. நாற்பது நோயாளிகள், ஆறு மாதம். நாற்பதுக்குக் குறைந்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இரண்டு விதிகள் இருந்தன. வண்டி ஓட்டுகிறவர்களைச் சேர்க்கக்கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் நினைவு தப்பும். யாருக்காவது மூன்று முறை அப்படி இறங்கினால் ஆய்வை நிறுத்தி விசாரிக்கவேண்டும். இரண்டையும் ஆய்வுத் திட்டத்தின் பதினான்காம் பக்கத்தில் எழுதியவன் நான்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய வெளிநாட்டு நிதியம் அறிவிப்பு விட்டது. நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் அது வரும். எங்களிடம் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

நாற்பதாவது ஆள் அவராகவே வந்தார். ஐம்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் ஓட்டறேன் சார். இருபத்திரண்டு வருஷமாச்சு, வண்டியில ஒரு கீறல் கிடையாது. டிப்போவுல எனக்கு ஆமைன்னுதான் பேரு." அவரே சிரித்துக்கொண்டார். "ஊசி போடறது தெரிஞ்சா வண்டியிலேர்ந்து எறக்கிடுவாங்க. சாப்பாட்டு டப்பாவுல ஒளிச்சு வச்சுப் போட்டுக்கறேன். மாத்திரையால ஊசி கொறையும்னு சொன்னாங்க."

வேலை என்ற இடத்தில் 'டிப்போ எழுத்தர்' என்று நிரப்பினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"எழுத்தரா சார்?"

"அப்படிப் போட்டாத்தான் சேக்க முடியும்."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"மாத்திரைதானே."

நான் பொய் சொல்லவில்லை. அது மாத்திரைதான்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார். வேலை முடிந்து வந்தவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பிள்ளையைப் பார்த்து யார் என்று கேட்கிறார் என்றார். சிஸ்டர் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் இன்னொரு முறை. மூன்றாவது அழைப்பு வந்தபோது விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சிஸ்டர் கோப்பை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"மூணு தடவை ஆயிடுச்சு சார். பெரிய டாக்டர்கிட்ட சொல்லிடவா?"

"நான் சொல்லிக்கறேன் சிஸ்டர். நீங்க மத்த வேலையப் பாருங்க."

சொல்லவில்லை. கோப்பிலிருந்து மூன்று தாள்களை எடுத்துவிட்டு வேறு மூன்று எழுதி வைத்தேன். மை மாறக்கூடாது என்று சிஸ்டரின் பேனாவையே வாங்கி எழுதினேன். பிறகு அந்த அம்மாவுக்கு நானே தொலைபேசி செய்தேன்.

"உடம்பு மருந்துக்குப் பழகுதும்மா. கூட ரெண்டு பிஸ்கட் சாப்பிடச் சொல்லுங்க."

"வண்டி ஓட்டலாமா சார்?"

"அத அவங்க டிப்போவுலதான் கேக்கணும்."

டிப்போவில் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டு நாள் கழித்து, காலை பத்து மணி வெயிலில், அவர் ஓட்டிய பஸ் வேகம் குறையாமல் நிறுத்தத்தில் நின்றவர்கள் மேல் ஏறியது. நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒரு பெண் நிறைமாதம் என்று செய்தித்தாள் எழுதியது. செய்தித்தாள்கள் எப்போதும் அந்த விவரத்தைத் தேடிப் பிடித்துவிடும்.

ஓட்டுநருக்கு யாரோ நல்ல மனதோடு குளிர்பானம் கொடுத்திருந்தார்கள். அதனால் எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருந்தது. அவசர சிகிச்சை டாக்டர் என்னை அழைத்தார்.

"சட்டைப் பையில உங்க ஆய்வு அட்டை இருக்கு. ஏதாவது மருந்து குடுக்கறீங்களா?"

"குடுத்துக்கிட்டிருந்தோம் டாக்டர். போன மாசமே விலகிட்டார்."

ஃபோனை வைத்துவிட்டு விலகல் படிவத்தை எழுதினேன், முந்தைய மாதத் தேதியிட்டு. கையெழுத்து சிரமமாக இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, நிதானமாகப் போடுகிறவர் அவர். அடுத்த நாள் முப்பத்தொன்பது பேரின் முடிவுகளோடு நிதியத்துக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். ஆய்வு தொடங்கிய பிறகு ஒருவர் விலகினால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்றுக்கொண்டார்கள்.

ஜாமீனில் வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"நான் தூங்கல சார். கண்ணைத் தொறந்துதான் வச்சிருந்தேன். ரோடு மட்டும் இல்லாம போச்சு. மாத்திரையால இருக்குமா?"

"முப்பத்தொம்போது பேர் சாப்பிடறாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே." அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். "இதக் கோர்ட்ல சொன்னீங்கன்னா நோய மறைச்சு ஓட்டினதும் வெளிய வரும். தண்டனை கூடும். யோசிச்சுக்கோங்க."

யோசித்தார். கைகூப்பிவிட்டுப் போனார். கோர்ட்டில் வாயே திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று தீர்ப்பு. ஐந்து வருடம்.

நிதியம் சம்மதக் கடிதம் அனுப்பியது அதே மாதம். எட்டாவது விண்ணப்பம். 'பாதுகாப்பு விவரங்கள் குறிப்பாகப் பாராட்டத்தக்கவை' என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். ஏழு முறை உண்மையை எழுதினேன், ஒருவருக்கும் பிடிக்கவில்லை. இப்போது அறுநூறு பேர் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள். அவர்களில் யார் யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. அது இப்போது என் வேலை இல்லை.

சிஸ்டர் தன் சொந்த டைரியிலும் அந்த மூன்று அழைப்புகளைக் குறித்து வைத்திருந்தார் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. ஓட்டுநரின் மனைவி அவரைத் தேடிப் போயிருக்கிறார். இருவரும் தேதிகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்குக் கோபமெல்லாம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எலியையும் மனிதனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல், ஒன்பது மாதத்துக்கு ஒரு முறை ஒரு வரி எழுதியவர்கள் மேல்தான். அவர்களை இந்த நாற்காலியில் நீங்கள் உட்கார வைக்கப் போவதில்லை.

தாள்களை மாற்றியது நான். படிவத்தை எழுதியது நான். நான்கு பேர் செத்ததற்கும் ஒருவர் சிறையில் இருப்பதற்கும் காரணம் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மாத்திரையில் குற்றமில்லை. நான் அதை மனதார நம்பினேன். நம்பாத மருந்துக்காக ஒருவன் பதினோரு வருடம் கையேந்த மாட்டான்.

என் தங்கைக்கு அதைக் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். நாற்பதாவது இடம் காலியாக இருந்தபோது அவளே கேட்டாள். எல்லாத் தகுதியும் அவளுக்கு இருந்தது. இடமில்லை என்று சொல்லிவிட்டேன். தனியாக இருக்கிறவள், திடீரென்று நினைவு தப்பி விழுந்தால் பார்க்க வீட்டில் ஆள் கிடையாது.