கொள்ளிடக்கரைத் துணைத் தாளம்

மத்தியானம் பன்னிரண்டரை மணி. பேய்க் கதைக்கு இதென்ன நேரம் என்று சிரிக்காதீர்கள்... ராத்திரியில் உலாத்துவதெல்லாம் கற்றுக்குட்டிகள். உச்சி வெயிலில் வருகிறது பாருங்கள், அதுதான் சரக்குள்ளது. ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக்கரை ரோடு. கத்திரி வெயில். தார் இளகுகிற வாடை. நாய்கூட இல்லை. அங்கே ஒரு பெண், தோளில் மேளம் மாட்டிக்கொண்டு, தனியாக.

நம் ஜமீலின் மாமா மகள் அஃப்ஷீன்தான். ஜமீல் இதோ விளக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டான்; பொய்யென்றால் அவன் சொல்லட்டும்.

மேளம் ஜப்பான் மேளம். தைகோ என்பார்கள். அதிலும் இது எலெக்ட்ரானிக். ஒசாகாவில் வேலை பார்க்கும் அண்ணன் ஜைத் கொண்டுவந்தது. தோலுக்குப் பதில் வலை. குச்சியால் அடித்தால் வெளியே வெறும் "டொக்". ஹெட்போன் மாட்டியவர் காதிலோ இடி. பாலக்கரை வீட்டில் அந்த "டொக்"குக்கே கீழ்வீட்டார் துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடித்தார்கள். அதனால்தான் ஆற்றங்கரை.

அவள் கற்றுக்கொண்டது 'அகில உலகத் தாள மைய'த்தில். அகில உலகமும் சித்திரை வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அடங்கியிருந்தது. நிறுவனர், 'லய மகா சக்கரவர்த்தி' ரங்கநாதன். பட்டு ஜிப்பா, நெற்றியில் ஜப்பான் துணிப்பட்டை. ஜப்பானைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். விமானம் மாறுகிற நேரம் மட்டும்தான் அவர் அங்கே இருந்தார் என்பது மனைவி ஆனந்தவள்ளி சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

ஆண்டு விழாவில் 'தனி' அஃப்ஷீனுக்கு என்று சொன்னவர், அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்.

"பேட்டரில ஓடறதெல்லாம் மேளமா? அதுக்கு உயிர் கெடையாதும்மா. தனி நான் வாசிச்சுக்கறேன்."

"நோட்டீஸ்ல என் பேரு போட்டாச்சுங்க சார். நான்தான் வாசிப்பேன்."

"தாராளமா. கூட யார் அடிக்கறான்னு நானும் பாக்கறேன்."

விஷயம் அங்கேதான் இருந்தது. தைகோவில் தனி வாசிப்பவருக்கு, இன்னொருவர் கீழே ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் படியில்லாத மாடியிலிருந்து இறங்குகிற கதைதான். சக்கரவர்த்தி கண்ணைக் காட்டினார். மாணவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மணிக்கட்டு வலி.

ஆகவே தனியாகவே அடித்தாள். அன்று ஒரு சுற்று முடித்துக் கையை இறக்கினாள்.

...டொம்.

இடது காதில்.

குச்சிகள் இரண்டும் தரையைப் பார்த்துத் தொங்கின.

...டொம்.

சுவிட்சை அணைத்தாள். பச்சை விளக்கு போயிற்று. ஈரச் சாம்பல் வாடை... காதருகே யாரோ வாயைத் திறந்த மாதிரி. ஹெட்போனைக் கழற்றினாள். மணல். வெயில். தூரத்தில் ரயில் பாலம். மறுபடி மாட்டினாள்.

...டொம். ......டொம்.

நீங்களும் நானும் என்றால் செருப்பை விட்டுவிட்டு ஓடியிருப்போம். அஃப்ஷீனுக்குக் கோபம் வந்தது. ஏனென்றால், தாளம் இழுத்தது.

"யாரா வேணா இருந்துட்டுப் போங்க. இழுக்காம அடிங்க. முடியலைன்னா கெளம்புங்க."

டொம், டொம், டொம், டொம். பிசிறில்லாமல்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். "உச்சி நேரத்துல ஆத்தங்கரையில ஜின்னு நடமாடும்டி!" என்று உம்மா சாரா பீவி வாசலை மறித்தாள்.

"நடமாடட்டும் உம்மா. கூட அடிக்க மனுசங்க ஒருத்தரும் வரலையே."

விழா திருச்சியில். மேடையில் அவள் ஒருத்தி. கழுத்தில் ஹெட்போன். மேளத்தின் வயரை ஸ்பீக்கரில் சொருகினாள். அவள் குச்சியை ஓங்கும் முன்பே டொம், டொம், டொம், டொம். அதன்மேல் ஏறி அடித்தாள். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த பிரமுகர்கள் காலை இறக்கினார்கள்.

"மோசடி! ரெக்கார்டு ஓடறது!" சக்கரவர்த்தி மேடையேறி வயரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் செத்தது. பேட்டரியையும் உருவிச் சபைக்குத் தூக்கிக் காட்டினார். அஃப்ஷீன் நிறுத்தவில்லை. டொக், டொக். அவள் கழுத்திலிருந்து மெல்லிசாக... டொம், டொம்.

"இங்க ஒளிச்சு வெச்சிருக்கியா?" ஹெட்போனைப் பறித்துத் தம் தலையில் மாட்டினார்.

அவர் வாய் திறந்தபடி நின்றது. டொம், டொம். பட்டு ஜிப்பாவுக்குள்ளிருந்து. நெஞ்சிலிருந்து. மைக் இல்லாமல், கடைசி வரிசை வரைக்கும். ஜிப்பாத் துணி ஒவ்வொரு அடிக்கும் எம்பி எம்பி அடங்கியது.

அவள் விட்டாளா? அந்த நெஞ்சையே கீழ்த்தாளமாக வைத்துக்கொண்டு தனியை முடித்துவிட்டுத்தான் குச்சியை இறக்கினாள்.

சில நாள் கழித்து ஆனந்தவள்ளி பாலக்கரைக்கு வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அவர் நெஞ்சுல அடிக்கற உன்னோடத நீயே திருப்பி எடுத்துக்கோம்மா. புண்ணியமாப் போகும்."

"நான் அனுப்பலைங்க மாமி. அவராத்தானே பறிச்சு மாட்டிக்கிட்டாரு?"

ஆனந்தவள்ளி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொதல்ல நெஞ்சுல ரெண்டு சத்தம் கேட்டுது. இப்போ ஒண்ணுதான் கேக்கறது."

"எது நின்னுச்சு?"

"ராத்திரி பூரா ஒடம்பு ஐஸ் மாதிரி கெடக்கும்மா. மூக்குல வெரலை வெச்சுப் பாத்தேன்... காத்தே வரலை. விடிஞ்சதும் எழுந்து உக்காந்து, காபி கேக்கறார்."