சுவரோரத்துச் சின்னக் கல்லுகள்

— த்தூ! இந்த வேலைய நான் செய்ய மாட்டேண்ணே. வேற ஆளப் பாத்துக்குங்க.

— கத்தாத வேலுச்சாமி. கேட் பக்கத்துல எஞ்சினியர் நிக்கிறான். யல்லா, சீக்கிரம் கடப்பாரைய எடு.

— கல்லறையக் கழுவணும்னுதான பாண்டியண்ணே லேபர் கேம்ப்லருந்து கூட்டியாந்தீக? காலைலருந்து கழுவுனேன்ல? பூனைப் பீ, புறாப் பீ, எவனோ தின்னுட்டு எறிஞ்ச கோழி எலும்பு, எல்லாத்தையும் கையாலதான் அள்ளுனேன். அப்பக்கூட முடியாதுன்னு சொல்லல.

— நாளைக்கு லண்டன்லருந்து ஆளுக சுத்திப் பாக்க வாராக. பஹ்ரைன் மனாமாவுலயே பழைய வெள்ளைக்காரன் கல்லறை. விக்டோரியா ராணி காலத்துச் சிலுவை, றெக்கை வச்ச பொம்மை, எல்லாத்தையும் படம் புடிப்பாகள்ல?

— புடிக்கட்டும். அதுக்கு இந்தச் சுவரோரத்துச் சின்னக் கல்லுகள ஏன் புடுங்கணும்?

— படத்துல அசிங்கமா விழுகுதாம். வெறும் சிமெண்டுத் துண்டு, பேரும் இல்ல, ரிஜிஸ்டர்லயும் இல்ல. எஞ்சினியர் சொல்லிட்டான். கலாஸ், பேச்சு முடிஞ்சுது.

— எதுண்ணே அசிங்கம்? ஒவ்வொண்ணும் ஒரு முழம்கூட இல்ல. பச்சப் புள்ளைகளப் பொதைச்ச எடம்னு பாத்தாலே தெரியுது.

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— நம்ம சனத்துப் புள்ளைகதான். வீட்டு வேலைக்கு, கிளீனிங் வேலைக்குன்னு வந்த பொம்பளைக பெத்தது. பொறந்து ஒரு நா, ரெண்டு நாள்ல செத்தது. அத எரிக்கவும் மாட்டோம். விசா இல்லாதவ புள்ளைய ஊருக்கு அனுப்ப எவன் பேப்பர் குடுப்பான்? முன்னாடி இருந்த கோவாக்கார வாட்ச்மேன் பாவம் பாத்து இந்த மூலைல பொதைக்க விட்டான்.

— இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட கடப்பாரைய நீட்டுறீக! நூத்திமுப்பது வருசத்துக்கு முந்திச் செத்த கப்பல் கேப்டனுக்கு சோப்பு போட்டுத் தேய்க்கணும், நம்ம புள்ளைக குப்பை லாரில போகணும்? சீ! ஃபோர்மேன் தொப்பிக்காக எத வேணாலும் செய்வீகளா? ஒங்ககூட ஆறு வருசம் ஒரே சட்டில சோறு தின்னத நெனச்சா ஒடம்பு கூசுது.

— கூசட்டும். தள்ளு, நானே கல்லப் புடுங்குறேன்.

— தொடாதீக! இப்பவே போயி எஞ்சினியர்ட்ட முடியாதுன்னு சொல்றேன்.

— நில்லுடா! சொன்னா என்ன ஆகும் தெரியுமா? வேற செட்டு ஜேசிபியோட வரும். அரை மணி நேரத்துல மண்ணு, எலும்பு எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிருவான். கல்ல மட்டும் கையால எடுத்துத் தாரோம் சார்னு கெஞ்சித்தான் இந்த டூட்டிய வாங்கியிருக்கேன். கல்லு போனாப் போகுது. உள்ள கெடக்குறது அசையக் கூடாது.

— இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?

— சொல்ல வரலடா. சரி, மெல்ல நெம்பு. ஆழமாக் குத்திறாத.

— குத்தல. இந்தக் கடைசிக் கல்லுலருந்து ஆரம்பிக்கவா?

— அத நீ தொடாத வேலுச்சாமி. அது எம் மக.