ஏழு மணிச் சாப்பாடு

எங்கள் வீட்டில் நெட் நன்றாகவே இருக்கும். என் தொழிலே அதுதான். நாலைந்து அலுவலகங்களின் கணினி இணைப்புகளை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். கூடத்து மூலையில் என் மேசை. செருப்பு அலமாரிக்கு மேலே ரூட்டர். உள்ளறையில் மனைவியின் வேலை.

அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் மருத்துவமனைக்குப் போனால் அங்கே ஒரு திரையில் இவள் தெரிவாள். டாக்டர் சொல்வதை அவர்களுக்குக் கையால் காட்டுவாள், அவர்கள் கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். கைகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக நாற்காலிக்குப் பின்னால் ஒரு நீலத் துணி கட்டியிருக்கிறோம். நான்தான் ஆணி அடித்துக் கட்டிக்கொடுத்தேன்.

இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்றதும் கொடுத்துவைத்தவர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் மகளுக்கு ஆறு வயது, எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவாள். மனைவிக்கு வேலை ஏழுக்கு முடியும். ஏழு மணிக்கு மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது என்று முதல் நாளே பேசிவைத்தோம். ஆனால் அவள் ஏழரைக்கு வருவாள், சில நாள் எட்டுக்கு வருவாள். மகள் தட்டின் முன்னால் தூங்கி வழிவாள்.

“நடுவுல விட்டுட்டு எப்படிங்க எழுந்து வர்றது? அந்த நேரத்துல அவங்களுக்கு நான்தானே வாய்?” என்பாள்.

நியாயம்தான். எனக்குக் கோபம் வந்ததே இல்லை, வருத்தம்தான். அவள் நேரத்துக்கு வந்துவிடும் நாட்களில் அம்மாவும் மகளும் மேசையில் கையாலேயே பேசிக்கொள்வார்கள். எதையோ காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த மொழி எனக்கு வரவில்லை. “உங்களப் பத்தி ஒண்ணும் இல்லப்பா” என்பாள் மகள், வாயைப் பொத்திக்கொண்டு. அந்த அரைமணி நேரத்துக்காக நான் நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

அதனால் ரூட்டரில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். சரியாக ஏழு மணிக்கு அவள் கணினிக்கு மட்டும் வேகம் குறைந்துவிடும். முதலில் படம் உறையும், பிறகு அழைப்பு அறுந்துவிடும். எட்டு மணிக்குப் பழையபடி ஆகிவிடும். அழைப்பு அறுந்தால் இன்னொரு மொழிபெயர்ப்பாளருக்குப் போய்விடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். யாருக்கும் குறையில்லை என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் ஏழு ஐந்துக்கே வெளியே வந்துவிட்டாள். “ஊருக்கெல்லாம் நெட் சரி பண்றீங்க, நம்ம வீட்டு நெட்டுக்கு யாரைக் கூப்பிடறது?” என்று கேலி செய்தாள். நான் ரூட்டரைக் கழற்றி, தூசி தட்டி, மறுபடி மாட்டினேன். எல்லா வீட்டிலும் ஆட்கள் நெட்டில் உட்காரும் நேரம் இது என்று விளக்கமும் சொன்னேன். அலுவலகத்தில் சொல்லட்டுமா என்று ஒருநாள் கேட்டாள். “சொன்னா உன்னை மறுபடியும் ஆபீசுக்கே வரச் சொல்லிடுவாங்க” என்றேன். அதன்பிறகு அவள் அலுவலகத்தில் சொல்லவில்லை.

அப்படி நாற்பத்தொரு நாள் சேர்ந்து சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

நாற்பத்திரண்டாவது நாள் ஆறு ஐம்பத்தேழுக்கு ஓர் அழைப்பு வந்தது. காது கேளாத ஒரு தாய், அவள் மடியில் காய்ச்சலில் துவண்டுபோன ஒரு பெண் குழந்தை. எங்கள் மகளைவிடச் சின்னவள். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அதை இவள் கையால் கேட்டாள். பதில் சொல்ல அந்தத் தாய் கையைத் தூக்கியபோது மணி ஏழு.

அடுத்த மொழிபெயர்ப்பாளர் கிடைக்க ஆறு நிமிஷம் ஆனது. அதற்குள் டாக்டர் ஊசியைக் காட்டினார். தாய் தலையாட்டினாள். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள். டாக்டர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து அந்த ஊசியில்தான் இருந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

அந்த ஆறு நிமிஷமும் என் மனைவி மருத்துவமனைக்கு போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். “ஆறிப்போகுது, வா” என்று இரண்டு முறை கூப்பிட்டேன்.

அவள் அலுவலகத்தில் பழைய பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு நாளும் ஏழு அடித்ததும் அழைப்பு அறுந்திருக்கிறது. வேலை நேரம் முடிந்ததும் இவளே துண்டித்துவிட்டு எழுந்துவிடுகிறாள் என்று முடிவு கட்டினார்கள். வீட்டு இணைப்பில் குறை உண்டா என்று என்னிடம் கேட்டார்கள். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். உண்மையில் இணைப்பில் எந்தக் குறையும் இல்லை.

அன்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தினமும் நெட்டு போச்சேங்க. அன்னிக்கும் போச்சுல்ல?”

“அன்னிக்கு என் பக்கம் நல்லாத்தான் இருந்தது.”

ரொம்ப நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அவசரத்துல நான்தான் எதையாவது அழுத்திட்டேனா?” என்று கேட்டாள்.

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். “இருக்கலாம்மா. நீ வேணும்னா பண்ணின?” என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். என்னை விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்றாள்.

வேலை போய்விட்டது. இப்போதெல்லாம் ஏழு மணிக்குத் தவறாமல் சாப்பிட வந்துவிடுகிறாள். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்கிறாள். மகள் சைகையில் எதையாவது கேட்டால் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறாள். நேற்று மகள் அதே சைகையை என்னிடம் காட்டினாள். எனக்குப் புரியலையே என்றேன்.

“அம்மா கை வலிக்குதான்னு கேட்டேன்பா” என்றாள்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் உடைத்தது எதுவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

ரூட்டரில் செய்த ஏற்பாட்டை நான் அழிக்கவில்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம். அவள் எதையும் அழுத்தவில்லை. நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அவளிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. ஒரே ஒரு வேண்டுகோள், ஏழு மணிக்கு மட்டும் வராதீர்கள். அது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடும் நேரம்.