எதிராளி நாற்காலி

உங்கள் அறையில் நாற்காலிகள் ஆடுவதில்லை. எங்கள் கணிதத் துறையில் எல்லா நாற்காலிக்கும் ஒரு கால் குட்டை. யாராவது எழுதிய ஆய்வுக் கட்டுரையை மடித்து முட்டுக்கொடுத்துத்தான் உட்காருவோம். அந்த அளவுக்காவது பயன்படுகிற கட்டுரைகள் குறைவு.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். விசாரணைக் குழுவில் யாரும் கணிதக்காரர் இல்லை என்பதால் கொஞ்சம் கணக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம். மூட்டை தூக்கிப் பிழைத்த என் அப்பாவுக்கே புரிந்த கணக்கு.

நீள்வட்ட வளைவு என்று ஒன்று உண்டு. அதன்மேல் இரண்டு புள்ளிகளைக் கூட்டினால் அதே வளைவில் இன்னொரு புள்ளி கிடைக்கும். முழு எண்களின் குட்டுகளை அதை வைத்துத்தான் உடைக்கிறார்கள். முழு எண்களை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் பல்லுறுப்புக்கோவைகளை உட்காரவைத்தால், வளைவு பார்த்த வேலையைப் பார்க்க வேறு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு டிரின்ஃபெல்ட் மாட்யூல் என்று பெயர். வளைவுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முகச்சாடை அப்படியே இருக்கும், குணம்தான் வேறு.

நாங்கள் வேலை செய்த இடத்தில் எதையும் மூன்று தடவை கூட்டினால் பூச்சியம். இதை அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன்.

"மூணு மூட்டை ஏத்தினா வண்டி காலியாயிடுமா?"

"ஆமாப்பா."

"அப்ப கூலியும் காலி. இது எவனோ முதலாளி கண்டுபிடிச்ச கணக்குடா."

அவள் விஷயத்துக்கு வருகிறேன். துறையில் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை, இரண்டு பேருக்கும் தற்காலிக வேலை. நிரந்தரமாக ஒரே ஓர் இடம் காலியானது. அது கிடைக்காதவர் வெளியே போக வேண்டியதுதான். அவளிடம் புதிதாக ஒரு தேற்றம் இருந்தது. என்னிடம் அனுபவம் இருந்தது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. நிரூபணத்தை வெளியே கொண்டுபோகுமுன் ஒருவரை எதிராளியாக உட்காரவைத்து, பலகையில் வரிவரியாக எழுதிக் காட்ட வேண்டும். எதிராளிக்குக் குற்றம் கண்டுபிடிப்பது மட்டும்தான் வேலை. முகதாட்சண்யம் கூடாது. அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"போட்டிக்காரனையே கூப்பிடறியே, நல்லாவா இருக்கு?" என்றேன்.

"உங்கள விட என்மேல பொறாமை புடிச்ச ஆள் யாரு அண்ணே இருக்கா? துருவித் துருவிப் பாப்பீங்க."

நியாயமான பேச்சு. உட்கார்ந்தேன்.

மாட்யூல்கள் குடும்பமாக வரும். ஒவ்வொன்றுக்கும் அடையாளமாக ஒரு மதிப்பு உண்டு. குடும்பத்துக்குள் நகர நகர அந்த அடையாளம் மாறுகிறதா என்று பார்க்க அவள் வகைக்கெழு எடுத்தாள். பூச்சியம் வந்தது. 'ஆகவே மாறவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். நீங்கள் பள்ளியில் படித்ததும் அதுதான். எங்கள் இடத்தில் அது பொய். x கனத்தின் வகைக்கெழு மூன்று x வர்க்கம். மூன்று என்றால் பூச்சியம். x கனம் பாட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கும், வகைக்கெழுவுக்குத் தெரியவே தெரியாது. நாளெல்லாம் உழைத்தும் மேஸ்திரி கண்ணில் படாத ஆளைப் போல. வளைவுகளின் பக்கமிருந்து இங்கே வருபவர்கள் ஒரு தடவையாவது இந்தக் குழியில் விழுவார்கள். அவள் அங்கிருந்து வந்தவள்.

குழியைப் பார்த்தேன். அதை மூடும் வழியும் கூடவே தெரிந்தது. வகைக்கெழு பூச்சியம் என்றால் அந்த அடையாளம் வேறு ஏதோ ஒன்றின் கனம். கன மூலம் எடுத்தால் பழைய குடும்பத்துக்கு உறவான சின்னக் குடும்பம் கிடைக்கும். அங்கேயும் பூச்சியமா, மறுபடி எடு. குறைந்துகொண்டே போவது ஓரிடத்தில் நின்றே தீர வேண்டும். அரைப் பக்க வேலை.

"அடுத்ததுக்குப் போலாமா அண்ணே?" என்றாள்.

"போலாம்" என்றேன். அடுத்ததற்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது?

மறுநாள் அவளே குடிநீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டாள். "அந்த வகைக்கெழு இடம் என்னமோ நெருடுதுண்ணே."

"நெருடுனா எனக்கு நெருடியிருக்காதா? நான் அங்க கொட்டாவி விடவா உக்காந்திருந்தேன்?"

சிரித்துவிட்டாள். "அதுவும் சரிதான். என் தப்ப சும்மா விடற அளவுக்கு நீங்க நல்லவர் கிடையாது."

அந்த இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் பெட்டியை நான்தான் மாடிக்குத் தூக்கினேன். எங்கள் பரம்பரைக்கு வந்த வேலை. படியில் நின்று மூச்சு வாங்கியபோது, யார் கெட்டிக்காரர் என்று கேட்டார். அவள்தான் என்றேன், மனதாரத்தான். "அந்த வகைக்கெழு இடத்த எப்படித் தாண்டினாள்னு மட்டும் எனக்குப் பிடிபடல சார். நீங்க கேட்டா அழகா விளக்குவா" என்றேன்.

கேட்டார். துறையே உட்கார்ந்திருந்த கூடத்தில், சாக்கட்டியைப் பிடித்தபடி நின்ற அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்திருக்கலாம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அரைப் பக்கத்தை அவளே எழுதியிருப்பாள். அவளிடம் எனக்குள்ள ஒரே குறை அதுதான்.

வேலை எனக்குக் கிடைத்தது. அவள் நடைவழியில் நின்று அழுதாள். "எதிராளியா உக்காந்த உங்க பேரையும் கெடுத்துட்டேன் அண்ணே, மன்னிச்சிருங்க" என்றாள். மன்னித்தேன். இப்போது ஒரு டியூஷன் சென்டரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகைக்கெழு சொல்லித் தருகிறாள். அங்கே பூச்சியம் என்றால் மாறவில்லை என்றுதான் அர்த்தம், நிம்மதியான இடம். சேர்த்துவிட்டது நான்தான்.

பிறகு அந்தத் தேற்றத்தை அரைப் பக்கத்தோடு சேர்த்து என் பெயரில் வெளியிட்டேன். முதல் அடிக்குறிப்பிலேயே அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பலர் கடைசிப் பக்கத்தில்தான் சொல்வார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும். போன வாரக் கருத்தரங்கில் ஒருவர், இந்தத் திருத்தம் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டார். "அவ பலகையில அந்த வரிய எழுதி முடிக்கறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டேன். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பேச்சு அவள் காதுக்கு இன்னும் போகவில்லை.

சுமை தூக்குகிற இடத்தில் முன்னால் போகிறவன் தடுக்கினால் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். ஒதுங்கித்தான் போவார்கள். அவரவர் முதுகில் அவரவர் மூட்டை. நான் கற்ற முதல் பாடம் அது. படியில் எண்ணெய் ஊற்றியது யார் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் பதில் சொல்லிவிட்டேன்.

வேறு ஏதாவது உண்டா என்கிறீர்கள். உண்டு, சின்ன விஷயம். துறையில் இரண்டாவதாக ஓர் இடம் காலியானது உங்களுக்குத் தெரியும். டியூஷன் முடிந்த நேரங்களில் அவள் இன்னொரு தேற்றத்தை நிரூபித்திருக்கிறாள். முன்னதைவிட அழகு. எதிராளியாக உட்காரச் சொல்லி என்னிடமே வந்தாள். உட்கார்ந்தேன், வரிவரியாகப் பார்த்தேன். வீட்டுக்குப் போயும் பார்த்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை.

ஓர் ஓட்டை இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "எங்கண்ணே?" என்றாள். "நீயே தேடு, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்றேன். அதைக் கண்டுபிடிக்காமல் விண்ணப்பம் போட மாட்டேன் என்றாள். கடைசித் தேதி நேற்று முடிந்தது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

எதிராளி என்றால் குற்றம் சொல்ல வேண்டும். போன தடவை சொல்லாமல் விட்டது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.