செடி விளக்கில் தெரியாத எழுத்து

அத்தான் இறந்த அன்று இந்தக் காவல் நிலையத்தில் என்னை விசாரித்தபோது, அமில பாட்டிலில் எச்சரிக்கை எழுதியிருந்ததா என்று கேட்டார்கள். பெரிதாக எழுதியிருந்தது என்று சொன்னேன். அந்த எழுத்து அந்த அறைக்குள் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. அன்று எனக்கே அது தெரியாது. அதைப் பதிவு செய்யக் கேட்டு நானாகவே இன்று வந்திருக்கிறேன்.

பெயரும் முகவரியும் முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது இருபத்து நான்கு. நூலகத்தில் வேலை. கைதாகியிருப்பவர் என் உடன்பிறந்த அக்கா. இறந்தவர் அவருடைய கணவர். நான் அவர்களுடன்தான் வசித்து வந்தேன்.

வீட்டில் ஒரே படுக்கையறை. அக்கா அதிலிருந்த கட்டிலை வெளியேற்றி, அடுக்கடுக்காகக் குழாய்களும் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி, மண் இல்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்த்து உணவகங்களுக்குக் கொடுத்து வந்தார். ஜன்னல் மூடியிருக்கும். செடிகளுக்கான விளக்கு மட்டுமே எரியும். அது சிவப்பும் ஊதாவும் கலந்த வெளிச்சம். அதில் கீரை கறுப்பாகத் தெரியும். அதன் பிறகு நாங்கள் மூவரும் கூடத்தில் படுத்தோம். “கீரைக்கு பெட்ரூம், புருஷனுக்கு ஹாலா?” என்பார் அத்தான். “கீரை குறட்டை விடாது” என்பார் அக்கா.

தொட்டித் தண்ணீர் சூடானால் வேர் அழுகிவிடும் என்பதால், அக்கா தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிடுவார். அவற்றில் ஒட்டிய தாள்கள் நனைந்து எழுத்தில்லாமல் இருக்கும். வேலை முடிந்து வரும் அத்தான் உருகியதில் ஒன்றை எடுத்துக் குடிப்பார். அக்கா திட்டினாலும் கேட்டதில்லை. ஒருமுறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இவ ஒருநாள் கீரைக்காக என்னையே தீர்த்துக்கட்டிடுவா பாருங்க” என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா அதை உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மை. அதைக் கேட்டு அந்த அம்மாவும் சிரித்தார் என்பதும் உண்மை.

தொட்டித் தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கச் சிறிது அமிலம் சேர்ப்பார்கள். அது வந்த கேனின் மூடி உடைந்ததால், அக்கா அதை ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றினார். அதன் பிறகு கூடத்து மேசையில் வைத்து, வெள்ளைத் தாள் ஒட்டி, ‘அமிலம், குடிக்காதே’ என்று இளஞ்சிவப்பு மார்க்கரால் எழுதினார். “உன் அத்தான் கண்ணாடி இல்லாமலே படிச்சிடுவாரு” என்றார். அதன் பிறகு அறைக்குள் தொட்டியருகே வைத்தார்.

சம்பவத்தன்று மாலை அத்தான் வியர்வையோடு வந்து நேராக அந்த அறைக்குள் போனார். அக்கா சமையலறையில் இருந்தார், நான் கூடத்தில் இருந்தேன். அதன் பிறகு பாட்டில் விழும் சத்தம் கேட்டது. அக்காதான் முதலில் ஓடினார். மருத்துவமனையில் அத்தான் பேசாமலே இறந்தார்.

இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதை யாரும் தானாக எடுத்துக் குடிக்கமாட்டார்கள், ஊற்றிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார் ஆய்வாளர். அக்கா சமையலறையில் இருந்ததைச் சொன்னேன். “தங்கச்சி அப்படித்தாம்மா சொல்லுவே” என்றார்.

அக்காவைக் கொண்டுபோன பிறகு, கீரைத் தொட்டியில் தண்ணீர் ஊற்ற அந்த அறைக்குள் போனேன். நாற்று வைக்கும் வெள்ளைக் கோப்பைகளில், சம்பவத்தன்று அக்கா கூடத்தில் வைத்து அதே மார்க்கரால் எழுதிய தேதிகளைக் காணவில்லை. செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன், எழுத்து இருந்தது. அணைத்தேன், வெறும் வெள்ளைக் கோப்பை. அந்த விளக்கில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிடுகின்றன. நீங்கள் பாட்டிலைப் படம் எடுத்தது நிலையத்து டியூப்லைட்டில்.

அதன் பிறகு சிறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். கம்பிவலையில் விரல்களை வைத்துக்கொண்டார். “கறுப்பு மார்க்கரும் மேசை மேலதாண்டி இருந்துச்சு. பளிச்சுன்னு தெரியட்டும்னுதான் இதை எடுத்தேன்” என்றார். அதன் பிறகு, “இதை யார்கிட்டயும் சொல்லாதே” என்றார். சொல்லத்தான் போகிறேன் என்றேன். பார்வை நேரம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டார்.

அந்த விளக்கின் கீழ் பாட்டிலை வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் மட்டுமே. படித்துக் காட்டக் கேட்டேன், மாற்ற எதுவுமில்லை.

(கையொப்பம்)

பின்குறிப்பு (என் பிரதியில் பிறகு நான் எழுதிக்கொண்டது): சாட்சிகள் முன்னிலையில் விளக்கு எரியவிடப்பட்டது. எழுத்து தெரியவில்லை என்று பதிவு செய்யப்பட்டது. அடுத்த விசாரணையில் நீதிபதி கேட்டபோது, கறுப்பை விட்டு அந்த மார்க்கரை எடுத்ததால் அத்தானைக் கொன்றது தான்தான் என்று அக்கா ஒப்புக்கொண்டார்.