ஈரச் சாக்கு

அறுபதுகளில் தினமும் திருவெறும்பூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் காலை பஸ்ஸில் வருவேன். நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டுதான் வருவார்கள். அந்தக் கோடையில் ஒருநாள் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் மட்டும் விழித்திருந்தார்கள். தலை நரைத்தவர் பக்கத்திலிருந்த இளையவரிடம் சொன்னார்:

"நீ கட்டிவிட்ட சாக்கை அவுத்து எறிஞ்சுட்டேன்ப்பா."

"ஏண்ணே? அந்தத் தகரக் கூரைக்குக் கீழ பகல்ல எப்படித் தூங்குவீங்க? ஜன்னல்ல ஈரச் சாக்கு கட்டினா ஜிலுஜிலுன்னு இருக்குமே."

"இருந்துச்சு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

"அப்புறம் என்னண்ணே?"

"முன்னாடியெல்லாம் அரைத்தூக்கம்தான். வெக்கையில முழிச்சு முழிச்சுப் படுப்பேன். போய்ச் சேர்ந்துட்ட உங்க அண்ணி அப்பத்தான் கனவுல வருவா. பக்கத்துல உக்காந்து விசிறுவா. எனக்கு வேர்க்காது. வேர்க்கலைன்னாலே இது கனவுன்னு அங்கயே தெரிஞ்சுடும்."

இளையவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தெரிஞ்சதும் அசையாம கெடப்பேன். அசைஞ்சா கலைஞ்சுடும். கேக்க வேண்டியதையெல்லாம் கேப்பேன். முழிச்சப்புறமும் அவ சொன்னது அப்படியே நெனப்புல இருக்கும்."

"சாக்கு கட்டினப்புறம்?"

"தூக்கம் வந்துச்சு. அவ வரலை."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றுக் காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்தது. தூங்கியவர்கள்கூட முகத்தை அதற்குக் காட்டினார்கள். நரைத்தவர் தன் பக்கத்து ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டு, அந்தப் புழுக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார்.