எங்கள் பயத்துக்குக் காது கொடுத்த தலைமைச் செவிலியருக்கு

அன்பின் அரணே! அறுவைப் பிரிவின் அச்சாணியே! வலித்த வயிற்றுக்கும் வாடிய முகத்துக்கும் வழித்துணையாய் வந்தவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்றே பணியாற்றி, உங்கள் நாற்காலிக்கே உங்களை யாரென்று தெரியாமல் செய்துவிட்ட எங்கள் அக்காவே!

இதே நடையில் உங்கள் பணி ஓய்வுக்கு நான்கு பக்க மடல் ஒன்றைப் போன வாரமே எழுதி முடித்துவிட்டோம். அதில் நீங்கள் நிலவாகவும் நதியாகவும் நந்தவனமாகவும் மாறி மாறி வந்தீர்கள். இன்று காலைக்குப் பிறகு அதை வாசிக்க எங்களுக்கு வாய் வரவில்லை. இது காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸிங் அறையில், பஞ்சுப் பெட்டியின் மேல் வைத்து அவசர அவசரமாக எழுதியது. கோணல் எழுத்தைக் கண்ணாடிச் சட்டம் மறைக்கும் என்று நம்புகிறோம்.

வேலையில் மனநிறைவு எதனால் வருகிறது என்று கேட்க மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்ததே, நினைவிருக்கிறதா? சம்பளம் என்றோம், சத்தமாகவே. கூட ஆள் வேண்டும், உட்கார நேரம் வேண்டும், கேட்ட நாளில் லீவு வேண்டும் என்றோம். எல்லாம் உண்மை, நாங்கள் ஒன்றும் துறவிகள் அல்லர். ஆனால் இத்தனை குறைகளோடும் இந்தப் பிரிவை விட்டு ஏன் ஓடவில்லை என்று அவர்கள் கேட்டதற்கு மட்டும், "பழகிவிட்டது" என்று சமாளித்தோம்.

உண்மையில், பணி மாறும் நேரத்தில் நீங்கள் கேட்கும் கேள்விதான் அதற்குக் காரணம். "யாருக்கு என்னடி பயம்?" மருந்தின் அளவில் வந்த சந்தேகம், ஒருத்தியே வார்டு முழுவதையும் பார்த்ததில் விட்டுப்போன வேலை, நோயாளியின் மகன் ஓங்கிய கை என்று எதையும் சொல்லலாம். சொன்னவளை நீங்கள் தனியே விட்டதில்லை. கத்த வரும் டாக்டருக்கும் எங்களுக்கும் நடுவே போய் நிற்பீர்கள். உயரத்தில் எங்கள் தோளுக்குத்தான் வருவீர்கள். ஆனாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு வார்டே ஒளிந்திருக்கிறது!

அப்படி ஒளிந்தவர்களில் ஒருத்தி, நாங்கள் 'நடுக்கம்' என்று செல்லமாகக் கூப்பிடுபவள். ஊசி போடும்போது அவள் கை நடுங்காது. டாக்டருக்குப் போன் போடச் சொன்னால்தான் நடுங்கும். நாளை முதல் உங்கள் இடத்துக்கு வரவேண்டியவளும் அவள்தான். "எனக்கு அந்தப் பதவி வேண்டாங்க. அக்கா நடுவுல நின்னாங்க, நான் நின்னா என்னையும் சேர்த்துத் தள்ளிட்டுப் போவாங்க," என்று நேற்று கணவரிடம் அழுதிருக்கிறாள். அவள் மறுத்தால் பக்கத்துக் கட்டடத்திலிருந்து, பயத்தைக் கேட்காமல் தப்பை மட்டும் கேட்பவர் வருவார்.

இந்த லட்சணத்தில் நாங்கள் ஒரு சதி செய்தோம். கடைசி நாளில் உங்களைச் சிரித்த முகமாய் அனுப்ப வேண்டும், யாரும் எதையும் சொல்லிக் கலங்கடிக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். காலையில் நீங்கள் கேட்டீர்கள். "ஒண்ணுமில்லக்கா," என்றோம், வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல.

உங்கள் முகம் வெளுத்தது. "ஒருத்திக்குக்கூடவா இல்ல? என்னத்த மறைக்கிறீங்க?"

நடுக்கம் முன்னால் வந்தாள். ஏழாம் படுக்கைத் தையல்காரர் அவள் கண்ணிலேயே நின்றார். வயிற்றில் அறுவை முடிந்து படுத்திருப்பவர், எங்கள் சீருடையைப் பார்த்து, "இதை யாரும்மா தைச்சது, கோணிப்பை தைக்கிறவனா?" என்று தினமும் வம்பிழுப்பவர். "இன்னிக்கு என்னைப் பார்த்தாரு, ஒண்ணும் சொல்லலக்கா. பிபி சரியாத்தான் இருக்கு. நாடி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. எனக்குப் பயமா இருக்கு."

நீங்கள் போனை எடுத்து அவள் கையிலேயே வைத்தீர்கள். மறுமுனையில் அறுவை மருத்துவர் கத்தியது எங்கள் அத்தனை பேருக்கும் கேட்டது: "வம்பு பேசலன்னா ஒரு கேஸா சிஸ்டர்?" போன் அவள் காதில் தடதடவென்று ஆடியது. "இல்ல சார். நீங்க வந்து பாக்கணும். வர்ற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்."

அவர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். குரல் இறங்கியது. "உள்ளே ரத்தம் கசியுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. தியேட்டரைத் திறக்கச் சொல்லுங்க."

எங்கள் அன்புச் சதியால் ஒரு மனிதர் வாய் மூடியே போயிருப்பார். அறுவை முடிந்தது, ஆனால் தையல்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. ஐசியூ வாசலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் நடுக்கத்திடம் பதவியைப் பற்றிக் கேட்டார். "எடுத்துக்கறேன் சார். தைரியம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க," என்றாளாம்.

போய் வாருங்கள் அக்கா! கால் வீங்காத காலைகளும் கண் நிறைந்த உறக்கமும் உங்களுக்குக் கிடைக்கட்டும். நோயின்றி, நெடிது, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி வாழுங்கள்! பாராட்டுக்குக் கைதட்ட வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இதை வாசித்து முடித்ததும் எங்களில் பாதிப் பேர் மேலே ஐசியூவுக்கு ஓடிவிடுவோம்.

இப்படிக்கு,
நாளைய காலையை நினைத்து நடுங்கும்
அறுவைப் பிரிவுச் செவிலியர்கள்

(புதிய தலைமைச் செவிலியரின் கையெழுத்து இதில் இல்லை. தையல்காரரின் நாடியில் வைத்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை.)